கடலிலிருந்து திரும்பும் வழி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடலோர மணல்மேடுகளைப் பற்றி நீங்கள் ஆசையாக எழுதுவதைப் படித்துவிட்டு, போன மாதம் மனைவி, மகளோடு அப்படி ஒரு பூங்காவுக்குப் போய்வந்தேன். ஆளரவமே இல்லை. அது பிடித்திருந்தது. ஆனால் பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் புரியவில்லை. புதர், மணல், மறுபடி புதர். மேட்டில் ஏறலாம் என்றால் எங்கே பார்த்தாலும் கயிறு கட்டி, உள்ளே போகக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். வளைந்து வளைந்து போகும் பாதையில் முக்கால் மணி நேரம் நடந்து கரைக்குப் போனோம். கால் நனைத்தோம், படம் எடுத்தோம், வேர்த்து விறுவிறுத்து அதே வழியில் திரும்பினோம். “இதுக்காப்பா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்று கேட்டாள் எட்டு வயது மகள். பதில் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த மாதம் அம்மாவோடு மறுபடியும் அந்தப் பக்கம் போகவேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி. பூங்காவுக்கு இன்னொரு முறை போகலாமா, விட்டுவிடலாமா?

ச.

அன்புள்ள ச.,

போங்கள். ஆனால் இந்த முறை கடலை முதலிலேயே பார்த்து முடித்துவிடுங்கள். போகும்போது பாதையில் எங்கும் நிற்க வேண்டாம். நேராகக் கரைக்குப் போய், மகள் ஆசைதீரக் கால் நனைக்கட்டும். பூங்காவைப் பார்ப்பது அங்கிருந்து திரும்பும்போதுதான் தொடங்குகிறது. நீங்கள் வேர்த்து விறுவிறுத்துக் கடந்த அந்த முக்கால் மணி நேரத்தைத்தான் சொல்கிறேன்.

காரணம் எளியது. கடல் கரையை அரிக்காத இடங்களில், மணல்மேடு கடலோரத்தில் பிறந்து உள்நாட்டுப் பக்கமாக வயதாகிறது. அலைக்குப் பக்கத்தில் இருப்பது கைக்குழந்தை. வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டி மரமும் புதருமாக நிற்பது கொள்ளுத்தாத்தா. வாசலிலிருந்து நடக்கும்போது நாம் தாத்தாவைப் புதர் என்று நினைத்துத் தாண்டிவிடுகிறோம். கடலிலிருந்து திரும்பி நடந்தால் ஒவ்வொரு இருபது முப்பது அடிக்கும் சில பத்தாண்டுகள், சில இடங்களில் சில நூற்றாண்டுகள் கடந்து போகின்றன. ஹென்றி கௌல்ஸ் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் மிச்சிகன் ஏரியின் தென்கரை மணல்மேடுகளில் இப்படித்தான் நீரிலிருந்து உள்ளே நடந்து, எந்தச் செடி எதற்கு இடம் விட்டுப் போகிறது என்று பார்த்து 1899-இல் எழுதினார். ஒரு நிலம் தரிசிலிருந்து காடாவது எப்படி என்ற படிப்புக்கே அது அடித்தளமாயிற்று. அந்தப் பகுதி 2019-இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. அங்கே இருப்பது கடல் அல்ல, ஏரி. ஆனாலும் மணலும் காற்றும் செய்யும் வேலை ஒன்றுதான்.

சரி, கரையில் என்ன பார்ப்பது? முதலில் அலை கொண்டுவந்து ஒதுக்கிய குப்பைக்கோடு. காய்ந்த கடற்பாசி, குச்சி, கிளிஞ்சல், ஏதாவது ஒரு கொட்டை. அழுக்கென்று நினைத்து நாம் தாண்டிப்போகிற அந்தக் கோட்டில்தான் மணல்மேடு தொடங்குகிறது. காற்று கொண்டுவரும் மணல் தடுக்கி விழ ஏதாவது ஒன்று வேண்டும். ஒரு குச்சி போதும், ஒரு கொத்துப் பாசி போதும். கரையைத் தினமும் எந்திரம் வைத்துச் சீவிச் சுத்தம் செய்யும் இடங்களில் புதிய மேடு எழும்புவது அரிது.

மணல் எப்படி நகர்கிறது என்பதை மகளுக்குக் காட்டலாம். காற்று கொஞ்சம் வேகமாக வீசும் நாளில் உலர்ந்த மணலில் செருப்பில்லாமல் நிற்கச் சொல்லுங்கள். கணுக்காலில் சுருக் சுருக்கென்று ஊசி குத்துவது போல இருக்கும். முகத்தில் ஒன்றுமே படாது. மணல் தூசியைப் போலப் பறப்பதில்லை, குதித்துக் குதித்துப் போகிறது. ஒரு பரல் எழும்பி, வளைந்து விழுந்து, விழுந்த இடத்தில் இன்னும் சில பரல்களை எழுப்பிவிடுகிறது. பெரும்பாலான மணல் முழங்காலுக்குக் கீழேயே பயணம் செய்கிறது. லிபியப் பாலைவனத்தில் வண்டியோட்டித் திரிந்த ரால்ஃப் பேக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர், 1930-களில் காற்றைச் செலுத்திச் சோதிக்கும் காற்றுக்குழாய் அமைத்து இதை அளந்து பார்த்தார். நமக்குக் கணுக்காலே போதும்.

குப்பைக்கோட்டைத் தாண்டினால் முதல் மேடு. வெப்பமான கரைகளில் அங்கே அடும்பு என்ற கொடி படர்ந்திருக்கும். குனிந்து பாருங்கள். இலை நடுவில் பிளந்து இரண்டு மடலாக இருக்கும். சங்கப் பாட்டொன்று அதை மானின் குளம்போடு ஒப்பிடுகிறது. இலையைக் கையில் வைத்துப் பார்த்தால் அந்தப் புலவர் கரையில் உட்கார்ந்து பார்த்தவர் என்பதில் சந்தேகமே வராது. பூ காலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும் என்பதால் மதியத்துக்கு மேல் போனால் சுருங்கிய பூக்கள்தான் கிடைக்கும். கொடி மணலில் ஓடிக்கொண்டே கணுவுக்குக் கணு வேர்விடுகிறது. விதை கடல்நீரில் மிதக்கும், ஊறிக் கெடாது. அதனால்தான் உலகின் வெப்பமண்டலக் கரைகள் பெரும்பாலானவற்றில் இந்த ஒரே கொடி இருக்கிறது. குளிர்ந்த நாடுகளின் கரையில் இதே வேலையை மாரம் புல் செய்கிறது. மணல் மூடினால் மற்ற செடிகள் சாகும், மாரம் புல்லோ ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் மணல் விழுந்தாலும் அதைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். மூடப்பட்டால்தான் செழிக்கும் என்றே சொல்லலாம்.

இப்போது கயிறு. உங்கள் கடிதத்தில் அதிகம் கோபம் தெரிந்த இடம் அதுதான், அதனால் இதைக் கொஞ்சம் நின்று பேசவேண்டும்.

காற்றையும் புயல் அலையையும் தாங்குகிற இந்தச் செடிகளால் தாங்க முடியாத ஒன்று மிதிபடுவது. எனக்கு இருபது வயதில் இது தெரியாது. நண்பர்கள் நாலைந்து பேர் ஒரு மேட்டின் உச்சியிலிருந்து சறுக்கி விளையாடினோம். ஏறுவது, சறுக்குவது, மறுபடி ஏறுவது என்று ஒரு மாலை முழுக்க அப்படிப் போனது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே இடத்துக்குப் போனேன். நாங்கள் சறுக்கிய தடத்தைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் அங்கேயே சறுக்கியிருக்க வேண்டும். தடம் இருந்த இடத்தில் மேடு பிளந்து, ஆள் இறங்கி நிற்கும் ஆழத்துக்கு ஒரு வாய் திறந்திருந்தது. இரண்டு பக்கச் சுவரிலும் வேர்கள் அறுந்து தலைமுடி போலத் தொங்கின. காற்று அந்த வாய்க்குள் நுழைந்து மணலை அள்ளிப் பின்னால் இருந்த புதரின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. செடியின் பிடி ஒரு இடத்தில் விட்டால் மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்கிறது. அன்று அங்கே ஒரு கயிறு இருந்திருக்கலாமே என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பாதை வளைந்து வளைந்து போனது என்று எழுதியிருந்தீர்கள். அது நீளத்தைக் கூட்டுவதற்காக அல்ல. மேட்டை நேராக வெட்டிப் பாதை போட்டால் கடற்காற்று அந்தச் சந்து வழியே நேராக உள்ளே பாயும், புயல் நாளில் தண்ணீரும் வரும். அதனால் கரைக்குப் போகும் பாதைகளைச் சாய்வாகவோ வளைத்தோ போடுகிறார்கள். பலகைப்பாதையைத் தரைக்குமேல் தூக்கிக் கட்டுவதும் அடியில் மணல் ஓடவும் செடி வளரவும்தான்.

கயிற்றுக்கு இன்னொரு காரணமும் உண்டு. உப்புக்கொத்தி, சிறிய ஆலா போன்ற பறவைகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. மணலில் லேசாகக் கிளறிய ஒரு குழி, அதில் மணல் நிறத்திலேயே புள்ளி புள்ளியாக இரண்டு மூன்று முட்டைகள், அவ்வளவுதான் கூடு. ஒருமுறை கயிற்றுக்கு இந்தப் பக்கம் நான் நின்றபோது ஓர் உப்புக்கொத்தி என் முன்னால் ஓடிவந்து ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு நொண்டியது. அடிபட்டுவிட்டது என்று பதறி அதன் பின்னால் நாலடி நகர்ந்தேன். இன்னும் கொஞ்சம் நொண்டி, என்னை அவ்வளவு தூரம் நகர்த்திய பிறகு சிறகை மடக்கி விருட்டென்று பறந்துவிட்டது. முட்டைகளிலிருந்து ஆளை விலக்க அது போட்ட நாடகம். முதலில் நின்ற இடத்தைக் கண்களால் துழாவினேன். இரண்டு எட்டுத் தள்ளி, கூழாங்கல் என்று நான் நினைத்திருந்த மூன்று முட்டைகள். வெயில் நேரத்தில் தாய்ப்பறவை சில நிமிடங்கள் விலகியிருந்தாலே முட்டை வெந்துபோகலாம். நான் உடனே பின்வாங்கிவிட்டேன். மகளுக்கு இதைச் சொல்லுங்கள். பறவை நொண்டினால் நாம் வந்த வழியே திரும்ப வேண்டும் என்பது எட்டு வயதுக்கு நன்றாகப் புரியும்.

முதல் மேட்டின் உச்சியைப் பாதை கடக்கும் இடத்தில் நில்லுங்கள். அங்கிருந்து உள்பக்கம் பத்துப் பன்னிரண்டு அடி இறங்கினால் கடலின் ஓசை பெரிதும் அடங்கிவிடும். இரைச்சலை மேடு மறித்துக்கொள்கிறது. அதுவரை அலையில் மூழ்கியிருந்த சின்னச் சத்தங்கள் அப்போது ஒவ்வொன்றாக வரும், வண்டு, புல் உரசல், நம் மூச்சு. திரும்பி இரண்டடி ஏறினால் கடல் மறுபடி முகத்தில் அறையும். நான் போகும்போதெல்லாம் இந்த இடத்தில் ஏறி இறங்கி ஏறி இறங்கி நின்றிருக்கிறேன். அமைதியான பூங்கா என்று சொல்கிறோமே, அந்த அமைதியின் பெரும் பகுதி இந்த மணல் கட்டிக்கொடுத்தது.

அப்புறம் மேடுகளுக்கு நடுவில் வரும் தாழ்வான பகுதி. மழைக்காலம் என்றால் குளம்போல் நீர் நிற்கும், மற்ற நாளில் பச்சையாக ஈரமாக இருக்கும். அது கடல்நீர் அல்ல, நன்னீர். மழைநீர் மணலில் இறங்கி, உப்புநீரைவிட எடை குறைவு என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே நாற்பது மீட்டர் வரை நன்னீர் இருக்கலாம் என்பது கணக்கு. மணற்கேணி என்று ஒரு சொல்லே வைத்திருக்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆம்ஸ்டர்டாம் நகரம் 1853 முதல் கடலோர மணல்மேடுகளிலிருந்து குடிநீர் எடுக்கிறது. அதற்குப் பிறகு வரும் புதர், மரம், கறுத்த மண் எல்லாம் வேகமாகப் பார்த்துக்கொண்டே போகலாம். ஒன்று மட்டும் செய்யுங்கள். பாதையோரத்தில் ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளிக் கரை மணலோடு வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மணல்தான். இடையில் எத்தனையோ தலைமுறைச் செடிகள் வாழ்ந்து மட்கியிருக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

அம்மாவின் முழங்காலுக்கு வருவோம். உலர்ந்த மணலில் நடக்கக் கெட்டித் தரையில் நடப்பதைவிட இரண்டு மடங்கு அளவுக்குச் சக்தி செலவாகும். எனவே கடல் வற்றியிருக்கும் நேரம் பார்த்துப் போங்கள். அலை பின்வாங்கிய ஈரமணல் அகலமாகவும் இறுக்கமாகவும் இருக்கும், அம்மா அதில் சுகமாக நடப்பார். பெரும்பாலான கரைகளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். நேரம் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும், ஆகவே போன முறை பார்த்த நேரத்தை நம்ப வேண்டாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம், வற்றமும் அதிகம். வெயில் ஏறிய பிறகு உலர்ந்த மணல் ஐம்பது டிகிரியைத் தாண்டும். அதற்குள் பலகைப்பாதைக்கு வந்துவிடுங்கள். கரைவரை இறங்க முடியாது என்றால் முதல் மேட்டின் உச்சிவரை போதும், அங்கே பெஞ்சு இல்லாவிட்டால் மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துப்போங்கள்.

ஆளில்லாத கரை என்றால் காப்பாற்றவும் ஆளில்லை என்றுதான் பொருள். மீட்புக் காவலர் இல்லாத இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு மேல் இறங்க வேண்டாம். இரு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க நடுவில் மட்டும் உடையாமல் அமைதியாகத் தெரியும் பட்டை பெரும்பாலும் தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வழி. சிறுவர்கள் ஆசைப்பட்டு இறங்குவதும் அங்கேதான். யாராவது மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகி, இழுப்பு விட்டபின் கரைக்கு வரவேண்டும். மகள் மணலில் குழி தோண்டினால் அவள் முழங்காலுக்கு மேல் ஆழம் வேண்டாம். மணற்சுவர் முன்னறிவிப்பில்லாமல் சரியும், மூடியவரை வெளியே எடுப்பது பெரியவர்களுக்கே கடினம். போகும்போது குழியை மூடிவிடுங்கள், இரவில் ஆமை ஏறும் கரையாக இருக்கலாம்.

மகளுக்கு ஒரு வேலை தருகிறேன். கரைக்குப் போனதும் காற்று ஓடும் உலர்ந்த மணலில், குப்பைக்கோட்டுக்குச் சற்று மேலே, ஒரு பெரிய கிளிஞ்சலை நட்டு வைக்கட்டும். பிறகு போய் அலையில் விளையாடட்டும். கிளம்பும்போது வந்து பார்த்தால் காற்றுக்கு மறைவான பக்கத்தில் மணல் ஒரு வாலாக நீண்டிருக்கும். அது எத்தனை விரல் நீளம் என்று அளந்து எனக்கு எழுதச் சொல்லுங்கள்.