ஏ முடிச்சு பி, பி முடிச்சு சி

வணக்கம் சார், ப்ரொடக்‌ஷன் பிளானிங்ல இருக்கேன். ஒரே லைன்ல மூணு மாடல் ஓடுது. காலைல ஏ முழுசா முடிச்சிட்டு அப்புறம் பி, கடைசியா சின்னு போடுறோம். சராசரி நேரம் சரியாத்தான் வருது, ஆனா காலைல லைன் அடிக்கடி நிக்குது, மதியம் ஆளுங்க சும்மா நிக்கிறாங்க. கலந்து விட்டா தப்பு வரும்ங்கறார் மேனேஜர். என்ன பண்றது?

பதில்:

வணக்கம். டாக்ட் டைம், அதாவது ஒரு பீஸுக்கும் அடுத்த பீஸுக்கும் நடுவுல லைன் தர்ற நேரம், 60 செகண்ட்னு வைங்க, ஒரு ஸ்டேஷன்ல ஏவுக்கு 70, பிக்கும் சிக்கும் 50, மொத்தத்துல பாதி ஏ. சராசரி 60தான். ஆனா ஏவா வரிசையா வந்தா அங்க நிக்கிறவர் ஒவ்வொண்ணுக்கும் 10 செகண்ட் பின்தங்கி கன்வேயரோடயே நகர்ந்துகிட்டு போறார், 30 செகண்டுக்கு இடம் இருந்தா மூணு ஏ தாங்கும், நாலாவதுல அடுத்தவர் இடத்துக்குள்ள போயிடுவார், லைன் நின்னுடும். மதியம் மிச்சமாகற 10 செகண்டை காலைக்கு கொண்டுபோக வழியே இல்ல. ஏ-பி-ஏ-சின்னு விடுங்க, ஏல போனது அடுத்த பீஸ்லயே திரும்பி வந்துடும். நாள் முழுக்க ஓடிக்கிட்டே வேலை செய்யற அந்த ஆளுக்காகவாவது இதை மாத்தணும்.

பார்ட்ஸ் பக்கமும் இதே கதைதான், காலைல ஏ மட்டும் ஓடினா ஏ பார்ட்ஸ் தர்றவங்க ரெண்டு மடங்கு வேகத்துல தரணும், இல்லன்னா ஸ்டாக் குவிக்கணும். டொயோட்டால இந்த சமன்படுத்தலுக்கு ஹெய்ஜுங்கான்னு பேரு. அவங்க கோல் சேஸிங்னு ஒரு முறை வச்சிருக்காங்க: அடுத்த இடத்துல எந்த மாடலைப் போட்டா இதுவரைக்கும் பார்ட்ஸ் எடுத்த அளவு சீரான வேகத்துக்கு ரொம்ப கிட்ட இருக்கும்னு பாத்து அதை எடுக்கறது, திரும்ப அடுத்த இடத்துக்கு அதே கணக்கு. எக்ஸெல்லயே போட்டுடலாம். இது எப்பவும் மிகச்சிறந்த வரிசையை தராது, ஆனா அதைத் தேடறதும் லேசில்ல, 10 வெவ்வேற பீஸுக்கே 36,28,800 வரிசை இருக்கு. பிரெஞ்சு ஆபரேஷன்ஸ் ரிசர்ச் சங்கமான ரோடெஃப் நடத்தின 2005 போட்டிக்கு கார் கம்பெனி ரெனோ கொடுத்ததும் இந்த மாதிரி வரிசைக் கணக்குதான், பெயிண்ட் ஷாப் ஒரே கலரை சேத்து கேக்கும், அசெம்ப்ளி கஷ்டமான வண்டிகளை பிரிச்சு கேக்கும்.

மேனேஜர் பயம் நியாயமானது. ஒவ்வொரு பீஸுக்கும் அதோட பார்ட்ஸை தனி ட்ரேல வச்சு கூடவே அனுப்புங்க, கை தப்பான ரேக்குக்கு போகாது. மாடல் மாத்த செட்டப் நேரம் ஆகுதுன்னா மொதல்ல அதைக் குறைங்க, அதுவரைக்கும் பேட்ச்சை பாதியாக்கி ஓட்டிப் பாருங்க. மாடலுக்கு மாடல் நேரம் அதிகமா மாறுற ஸ்டேஷன் எதுன்னு அளந்து எழுதுங்க, அங்கிருந்து வரிசையை சேந்தே போட்டுப் பாப்போம்.