டவல் ராடைப் பிடிக்க விடாதீர்கள்: குளியலறைக் கேள்விகளும் பதில்களும்

முப்பது வருடமாக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வேலை, அதாவது நோய்க்கும் விபத்துக்கும் பிறகு அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பழக்குவது. பக்கவாதம், இடுப்பு எலும்பு முறிவு, தண்டுவட அடி என்று வந்தவர்களின் வீட்டுக் குளியலறைகளுக்குள் டேப்பும் கையுமாக நின்றிருக்கிறேன். அதைப் பற்றிக் கேளுங்கள். மருந்து, மாத்திரை மட்டும் என்னிடம் வேண்டாம்.

கரூர் மருமகள்: மேடம், மாமியாருக்கு 74 வயது. பக்கவாதத்தில் இடது கை, கால் பலவீனம். வலது கையில் தடி ஊன்றி நடக்கிறார். நிற்க வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு நான்தான் குளிப்பாட்டுகிறேன். என்ன வாங்கலாம்?

முதலில் நிற்க வைத்துக் குளிப்பாட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். சோப்புத் தண்ணீரில் அவர் சரிந்தால் உங்களால் பிடிக்க முடியாது, இருவருமாக விழுவீர்கள்.

கடைக்குப் போகும் முன் ஒருநாள் சும்மா கவனியுங்கள்: எங்கே திரும்புகிறார், எதைப் பிடிக்கிறார், எங்கே தயங்குகிறார். நான் பார்த்த வரையில் உட்கார்ந்து குளிக்கும்போது விழுந்தவர்கள் குறைவு. நிலைப்படியைத் தாண்டும்போது, திரும்பி உட்காரும்போது, ஈர உடம்போடு எழும்போது விழுந்தவர்கள்தான் அதிகம். வாங்கும் சாமான் அந்த மூன்று இடத்துக்கும் உதவ வேண்டும்.

ஷவர் சேர், அதாவது உட்கார்ந்து குளிப்பதற்கென்றே செய்த நாற்காலி வாங்குங்கள். முதுகு சாயவும் கை வைக்கவும் இடம் வேண்டும், நான்கு காலிலும் ரப்பர் புஷ், உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி. உட்கார்ந்தால் பாதம் முழுக்கத் தரையில் படிய வேண்டும், முழங்கால் இடுப்பைவிட மேலே போகக் கூடாது. அடுத்தது கிராப் பார், சுவரில் மாட்டும் கைப்பிடிக் கம்பி. எழும்போது அது அவருடைய வலது கைக்கு எட்ட வேண்டும். கம்பி ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலம் தடிமன், சுவருக்கும் கம்பிக்கும் இடையே ஒன்றரை அங்குலம் இடைவெளி. இடைவெளி அதிகமானால் கை வழுக்கி உள்ளே மாட்டிக்கொள்ளும். டைலையும் பூச்சையும் தாண்டிச் செங்கல்வரை துளைத்து ஆங்கர் போல்ட் போடச் சொல்லுங்கள். மாட்டியதும் முதலில் நீங்கள் தொங்கிப் பாருங்கள்.

இதை எல்லாரிடமும் சொல்வேன், இங்கேயும் பலமுறை சொல்வேன்: டவல் ராடைப் பிடிக்க விடாதீர்கள். அது ஈரத் துண்டைத் தாங்கத்தான் செய்தது. கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் கழற்றியே விடுங்கள், இருந்தால் கை தானாகப் போகும்.

வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர் விட்டுக் கலக்குங்கள். சூடு அவருடைய இடது பக்கத்துக்குத் தெரியாமல் போகலாம், அதனால் உங்கள் கையை விட்டுப் பாருங்கள். உடுத்தும்போது இடது கை முதலில், கழற்றும்போது வலது கை முதலில்.

ஒரே பிள்ளை: வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி போதாதா?

போதாது. ஒருவர் கையை ஊன்றி எழும்போது எடை ஒரு பக்கமாகச் சாயும். ஈர டைலில் அந்தப் பக்கத்துக் கால்கள் வெளியே அகலும்.

சேலம் வாடகை வீடு: சுவரில் துளை போட ஓனர் விடமாட்டார். வாக்கம் கப் வைத்து ஒட்டும் கைப்பிடி ஆன்லைனில் வருகிறதே?

வழவழப்பான டைலில், இணைப்புக் கோட்டின் மேல் படாமல் ஒட்டினால் நிற்கும். ராத்திரி இறுக்கமாக இருந்தது காலையில் தளர்ந்திருக்கும். உப்புத் தண்ணீர் படிவு இருந்தால் இன்னும் சீக்கிரம். நடக்கையில் லேசாகத் தொட்டுக்கொள்ள ஆகும், எடையைப் போட ஆகாது. கை வைத்த ஷவர் சேர் வாங்குங்கள், துளை தேவையில்லை. ஓனரிடமும் இன்னொரு தடவை கேளுங்கள், அவருக்கும் வயதாகும்.

வீல்சேர் 28: விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இரண்டு வருடம். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. தம்பி தூக்கிப் போய் ஸ்டூலில் உட்கார வைக்கிறான். நானாகவே குளிக்க வேண்டும்.

குளிக்கலாம். உங்களுக்கு ஷவர் சேர் வேண்டாம், கமோடு வீல்சேர், அதாவது சீட்டின் நடுவில் திறப்பு உள்ள சக்கர நாற்காலி. பின்சக்கரம் பெரிதாக இருப்பதாகப் பாருங்கள், நீங்களே தள்ளிக்கொள்ளலாம். சின்னச் சக்கரம் வைத்தது பின்னால் இருந்து ஆள் தள்ளுவதற்கு. கட்டிலிலிருந்து ஒரு தடவை மாறினால் போதும், அப்படியே கமோடு மேலே போய், அதிலேயே குளித்துத் திரும்பலாம்.

சீட்டு கட்டாயம் மெத்தை வைத்ததாக இருக்க வேண்டும். உணர்வில்லாத தோல் கெட்டியான பிளாஸ்டிக்கில் அழுந்தினால் புண்ணாகும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. குளித்ததும் கண்ணாடி பிடித்துப் பின்பக்கம் பாருங்கள். அழுத்தி எடுத்தும் போகாத சிவப்பு இருந்தால் அந்த இடத்தில் எடையே போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். பாதத்தின் மேல் குழாய் வெந்நீர் சொட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். 60 டிகிரித் தண்ணீர் சில விநாடியில் பொசுக்கிவிடும்.

அளவெடுக்கும்போது கதவு நிலையை அளக்காதீர்கள். கதவைத் திறந்து வைத்து, கதவுப் பலகைக்கும் எதிர்நிலைக்கும் இடையே அளங்கள், அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் வழி. தரை இரண்டு அங்குலம் பள்ளமாக இருந்தால் சரிவு இரண்டு அடி நீளம் வேண்டும், அங்குலத்துக்கு ஓர் அடி கணக்கு. கொத்தனார் ஓர் அடியில் முடித்துவிடலாம் என்பார். விடாதீர்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி கீலை மாற்றுங்கள். உள்தாழ்ப்பாள் வேண்டாம்.

பெல் ரிட்டயர்டு: அதென்ன தாழ்ப்பாள் வேண்டாம்? எனக்கு 71 வயது. ஒரு தடவை விழுந்தேன் என்று என் மகன் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டான். அன்றிலிருந்து குளிக்கவே பிடிக்கவில்லை. வயதானால் மானம் போய்விடுமா?

ஒரே பிள்ளை: ஐயா, எங்கள் அப்பாவைக் கதவை உடைத்துத்தான் எடுத்தோம்.

கரூர் மருமகள்: பேரன்கள் சடாரென்று கதவைத் திறக்கிறார்கள் என்று என் மாமியாரும் அழுதிருக்கிறார்.

ஐயா கேட்பது நியாயம். நான் பயப்படுவதற்கும் காரணம் உண்டு. ஒரு வீட்டில் பெரியவர் கதவின் மேலேயே சரிந்துவிட்டார். உள்ளே திறக்கும் கதவு. தள்ளத் தள்ள அவர் விலாவில்தான் இடித்தது. வென்டிலேட்டர் கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, பக்கத்து வீட்டுப் பையனை உள்ளே இறக்கி, அவன் தாத்தாவின் தோளைப் பிடித்து இழுத்த பிறகுதான் கதவு திறந்தது. தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெல் ரிட்டயர்டு: அப்படியானால் குற்றவாளி தாழ்ப்பாள் இல்லை, கீல்!

சரி, ஒப்புக்கொள்கிறேன். கீல் முதலில், தாழ்ப்பாள் அடுத்து. வெளியிலிருந்து நாணயத்தைச் செருகித் திருப்பினால் திறக்கும் பூட்டு இருக்கிறது, ஹார்டுவேர் கடையில் கேளுங்கள். உள்ளே நீங்கள் பூட்டிக்கொள்ளலாம், அவசரத்துக்கு மகன் திறக்கலாம். தரையில் விழுந்தாலும் கை எட்டும் உயரத்தில் ஒரு காலிங் பெல் பட்டன், வயர் இல்லாத வகை. மகனிடம் இதைக் காட்டுங்கள். வீல்சேர் தம்பி, உங்களுக்கும் இதே பூட்டுதான், மேலே சொன்னதை மாற்றிக்கொள்கிறேன்.

மதுரை அத்தை: சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் விடலாமா?

தலைக்கு மட்டும், கூடத்தில் உட்கார்த்தி வைத்து. உள்ளங்காலில் எண்ணெய் படக் கூடாது. முடிந்ததும் தரையைச் சோப்புப் போட்டுத் தேய்க்காமல் அடுத்த ஆள் உள்ளே போகக் கூடாது.

புதுவீடு: தொட்டியின் விளிம்பைத் தாண்டிப் போடும் டிரான்ஸ்பர் பெஞ்ச் வாங்கலாமா?

வீட்டில் குளியல் தொட்டி இருக்கிறதா? இல்லையென்றால் எதற்கு?

அம்மா பையன்: வெந்நீரில் குளித்து எழுந்ததும் அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதை எழுதிய டாக்டரிடம் கேளுங்கள். அதுவரை துவட்டுவதையும் உடுத்துவதையும் உட்கார்ந்தபடியே செய்யட்டும்.

வேலூர்: நேரில் பார்க்க எங்கே போவது? அரசு உதவி உண்டா?

உங்கள் ஊரிலேயே பாகாயத்தில் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையின் மறுவாழ்வு மையம் இருக்கிறது. 1966-ல் தொடங்கியது. விபத்தில் கால்கள் செயலிழந்து, வீல்சேரில் இருந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் உருவாக்கியது. உதவிக்கு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோடு கேளுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள மூத்த குடிமக்களுக்கு உதவிக் கருவிகள் தரும், 2017-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் தனி.

நெல்லை: பிளாஸ்டிக் சேருக்குக் கீழே ரப்பர் மேட் போட்டால்?

மேலே பாருங்கள்.

தஞ்சாவூர்க்காரன்: கை வைத்த பிளாஸ்டிக் சேர்?

தம்பி, கை வைத்தாலும் கால் அதே கால்தான். டவல் ராடைக் கழற்றியாயிற்றா?

கரூர் மருமகள்: மேடம், ஒரு சிக்கல். உள்ளே நுழைந்தால் சுவர் இடது கைப் பக்கம். வலது பக்கம் வாஷிங் மெஷின். குழாய் எதிர்ச் சுவரில். வலது கைக்குக் கம்பி எங்கே போடுவது?

அந்த இடது சுவரிலேயே போடுங்கள். சேரைக் கதவைப் பார்த்த மாதிரி திருப்பிப் போட்டால் சுவர் அவருடைய வலது பக்கம் வந்துவிடும். உள்ளே போகும்போது உடம்பு காய்ந்திருக்கும், தடி இருக்கும், இடது பக்கம் நீங்கள் இருப்பீர்கள். ஈரத்தோடு எழுந்து வெளியே வரும்போதுதான் கம்பி வேண்டும், அப்போது அது வலது கையில் இருக்கும். குழாய் முதுகுப் பக்கம் போய்விடும், அதனால் நீள ஹோஸ் உள்ள ஹேண்ட் ஷவர் வேண்டும். குழாயிலிருந்து சேர்வரை எவ்வளவு தூரம் என்று அளந்து சொல்லுங்கள்.