மொட்டை மாடியிலும் மலையிலும் பாட்டுப் பதிவு: கேள்வி பதில்

சேலத்துல சொந்தமா பாட்டுக் கட்டி, கிட்டார், கஹோன் (மேல உட்கார்ந்து கையால தட்டி வாசிக்கிற மரப்பெட்டி), புல்லாங்குழல்னு வச்சுக்கிட்டு வாசிக்கிற சின்ன பேண்டுகளை அவங்க வாசிக்கிற இடத்துலயே பதிவு பண்ணிட்டு வர்றேன். எனக்கு ஸ்டுடியோ கிடையாது. வீட்டு ஹால், மொட்டை மாடி, ஏற்காட்டுல காப்பி காயப்போடுற களம், இதுதான் நம்ம இடம். வந்த கேள்விகள்ல ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துட்டு பதில் எழுதியிருக்கேன்.

அக்கா, நாங்க நாலு பேரு. ரெண்டு கிட்டார், ஒரு கஹோன், பாடுறது ஒருத்தர். கையில ஒரே ஒரு கண்டென்சர் மைக்தான் இருக்கு. இன்னும் மூணு வாங்குற வரைக்கும் காத்திருக்கணுமா? (அஸ்தம்பட்டி)

வேண்டாம் தம்பி. இந்த வாரமே பண்ணுங்க. ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ்ங்கிற பழைய சினிமா ஸ்டுடியோவோட வளைவைத் தாண்டித்தானே தினமும் போறீங்க? பின்னணிப் பாட்டு வழக்கத்துக்கு வராத ஆரம்பப் பேசும்படக் காலத்துல, நடிக்கிறவங்களேதான் பாடணும். வாத்தியக்காரங்க கேமராவுக்குத் தெரியாத இடத்துல உட்கார்ந்து கூடவே வாசிப்பாங்க. தனித்தனியா பதிவு பண்ணி அப்புறம் சேர்க்கிற வசதியே அப்போ இல்லை. யாரு கிட்ட, யாரு தள்ளி, அதுதான் மிக்ஸிங்.

நீங்களும் அதையே செய்யுங்க. திறந்த வெளியில தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபல் குறையும். அறைக்குள்ள எதிரொலி சேர்றதால அவ்வளவு குறையாது, ஆனா வழி அதேதான். பாடுறவர் மைக்குக்கு ரெண்டு சாண் தூரத்துல நிக்கட்டும். கிட்டார் ரெண்டும் மூணு அடியில, இடமும் வலமுமா. கஹோன் ஆறேழு அடி பின்னாடி. ஒரு நிமிஷம் பதிவு பண்ணி, ஹெட்ஃபோன்ல கேளுங்க. கிட்டார் அமுங்கிப் போச்சா? சத்தம் கூட்டுற நாப்ல கை வைக்காதீங்க, நாற்காலியை அரை அடி முன்னாடி நகர்த்துங்க. திரும்பக் கேளுங்க. நான் சில நாள் இதுக்கு மட்டுமே ஒரு மணி நேரம் செலவழிப்பேன். அந்த ஒரு மணி நேரத்துல பேண்டும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டு வாசிக்கப் பழகிடும். அதை எந்த மென்பொருளும் தராது. சரியா வந்ததும் ஒவ்வொரு நாற்காலிக் காலுக்கும் தரையில டேப் ஒட்டிடுங்க.

லெவல் எவ்வளவு வைக்கணும்?

24 பிட்ல பதிவு பண்ணுங்க. பாட்டுல சத்தம் அதிகமான இடத்துல முள் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிக்கட்டும். ஒத்திகையில மெதுவா பாடுறவங்க நிஜ டேக்ல கண்டிப்பா ஏத்திப் பாடுவாங்க, அதுக்குத்தான் மேல அந்த இடைவெளி.

எங்க வீடு அம்மாபேட்டையில. பக்கத்துச் சந்துல தறி ஓடுது. ஜன்னலைச் சாத்தினாலும் 'டக்டக்'னு பதிவாகுது. என்ன செய்யலாம்ங்க?

அந்தச் சத்தம் ஜன்னல் வழியா மட்டும் வரலைங்க, தரை வழியாவும் வருது. மைக் ஸ்டாண்டுக்குக் கீழ ஜமக்காளத்தை நாலா மடிச்சுப் போடுங்க. ஸ்டாண்டு சுவரைத் தொடாம இருக்கட்டும். ரெக்கார்டர்ல 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டுற வசதி இருந்தா போட்டுவிடுங்க, பாட்டுக்கு அதால பெரிசா நஷ்டம் இல்லை.

ஆனா உண்மையான வழி வேற. மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துற நாள் பேப்பர்ல முன்கூட்டியே வருமே, அந்த நாளைப் பிடிங்க. உங்க ஏரியா தறி மொத்தமும் நிக்கும். ஃபிரிட்ஜ், ஃபேன், மோட்டார் எதுவும் ஓடாது. பேட்டரியில ஓடுற ரெக்கார்டர் போதும். அம்மாபேட்டையில அப்படி ஒரு காலையில பதிவு பண்ணினப்போ, கிட்டார்காரர் கம்பியில விரலை நகர்த்துற உரசல் கூட தெளிவா விழுந்துச்சு. நான் அந்த உரசலை வெட்டி நீக்கலை. தறிக்காரங்களுக்கு அது சம்பளம் போற நாள், நமக்கு அது கொடுப்பினை. ரெண்டையும் மனசுல வச்சுக்கிட்டுத்தான் வேலை பாக்குறேன்.

லேப்டாப் சார்ஜரைச் சொருகினா 'உம்ம்'னு ஒரு சத்தம்.

சார்ஜரைக் கழட்டிட்டு பேட்டரியில ஓட்டுங்க. அப்பவும் இருந்தா கேபிளைப் பாருங்க. மைக் கேபிளும் கரண்ட் வயரும் பக்கத்துப் பக்கத்துல படுக்கக் கூடாது.

கிட்டார்லயே பிக்கப் (கம்பி அதிர்வை நேரா ஒயர்ல அனுப்புற கருவி) இருக்கே, நேரா அதுலருந்து எடுத்தா என்ன?

எடுக்கலாம், ஆனா அது கம்பியோட சத்தம், மரத்தோட சத்தம் இல்லை. ரப்பரை இழுத்து விட்ட மாதிரி ஒரு ஒட்டாத தொனி வரும். கழுத்து உடம்போட சேர்ற பக்கம், பன்னெண்டாவது ஃப்ரெட்டுக்கு (கழுத்துல குறுக்கே இருக்கிற உலோகக் கம்பி) நேரா, ஒரு சாண் தள்ளி மைக்கை வைங்க. நடு ஓட்டைக்கு நேரா மட்டும் வேண்டாம், பானைக்குள்ள பேசற மாதிரி ஆயிடும். கூட்டத்துக்கு முன்னாடி வாசிக்கும்போது பிக்கப்பையும் தனியா ஒரு டிராக்ல எடுத்து வைங்க. யாராவது மைக்கைத் தட்டிவிட்டா அது காப்பாத்தும்.

ஏற்காட்டுல ஒரு எஸ்டேட்ல வாசிக்கப் போறோம். கிட்டார், புல்லாங்குழல், பறை. வெட்டவெளி. எதுக்கெல்லாம் தயாரா இருக்கணும் அக்கா?

இதுக்குத்தான் கொஞ்சம் நீளமாச் சொல்லணும். ஒரு டிசம்பர் சாயங்காலம், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவுல ஒரு காப்பிக் களத்துல ஆரம்பிச்சோம். ரெண்டாவது பாட்டுல பள்ளத்துலருந்து பனி ஏறி வந்துச்சு. பத்து நிமிஷத்துல கண்டென்சர் மைக் எண்ணெயில கடுகு வெடிக்கிற மாதிரி பொரிய ஆரம்பிச்சுது. ஈரம் உள்ள இறங்கினா அப்படித்தான் ஆகும். அதைக் கழட்டி சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட டப்பாவுல போட்டுட்டு, மேடையில பாடுற சாதா டைனமிக் மைக்கை மாட்டினோம். அதுக்கு ஈரம் அவ்வளவாப் பொருட்டில்லை. அதனால மலைக்குப் போகும்போது ரெண்டு டைனமிக் கட்டாயம் பையில இருக்கட்டும். காத்துக்கு, மயிர் வச்ச உறையே வேணும். பஞ்சு உறை வீட்டுக்குள்ளதான் உதவும்.

அடுத்தது சுருதி. ஏற்காடு சேலத்தைவிட 1200 மீட்டருக்கு மேல உயரம். குளிர்ந்த காத்துல ஒலியோட வேகம் குறையும்: 35 டிகிரியில நொடிக்கு ஏறக்குறைய 352 மீட்டர், 15 டிகிரியில 340. புல்லாங்குழலோட சுருதி குழலுக்குள்ள இருக்கிற காத்தைப் பொறுத்தது. அதனால அது இறங்கும். கணக்குப்படி கீபோர்டுல அடுத்தடுத்த ரெண்டு கட்டைக்கு உள்ள தூரத்துல பாதிக்கு மேல. மூச்சுச் சூடு இருக்கிறதால நிஜத்துல அதைவிடக் குறைவு. கிட்டார் கம்பியோ குளிர்ல சுருங்கி இறுகி, மேல ஏறும். ஒண்ணு இறங்க, ஒண்ணு ஏற, நடுவுல பாடுறவங்க பாவம். அன்னிக்குக் குழல்காரர் தன் மேலயே சந்தேகப்பட்டு வாசிக்கிறதை நிறுத்திட்டார். தப்பு அவர் மேல இல்லை.

வாத்தியங்களைப் பெட்டியைத் திறந்து அரை மணி நேரம் அந்தக் காத்துலயே வைங்க. ஒவ்வொரு டேக்குக்கு முன்னாடியும் குழல்ல சத்தமில்லாம மூச்சை ஊதிச் சூடாக்கட்டும். அப்புறம் கிட்டாரைக் குழலுக்குச் சேருங்க, போன்ல இருக்கிற டியூனருக்குச் சேர்க்காதீங்க. குழலை மாத்த முடியாது, கம்பியை மாத்தலாம்.

பறை ஈரத்துல தொய்ஞ்சிடும். காய்ச்சுறதுக்குத் தீ மூட்ட எஸ்டேட்காரங்க கிட்ட முன்னாடியே அனுமதி கேளுங்க, காஞ்ச இலைக்குப் பக்கத்துல வேண்டாம். பதினஞ்சு அடி தள்ளி நிக்க வைங்க. அதுக்குத் தனி மைக் வேண்டாம், எல்லா மைக்லயும் அது இருக்கும். காய்ச்சின பறை தொய்யறதுக்கு முன்னாடி அந்தப் பாட்டை எடுத்துடணும். பறை வர்ற பாட்டை எல்லாம் ஒண்ணா அடுக்கிக்குங்க.

இருட்டுற நேரம் சில்வண்டு கத்த ஆரம்பிச்சா அன்னிக்கு முடிச்சுடுங்க. அதை வடிகட்டப் போனா கிட்டாரோட பளபளப்பும் சேர்ந்து போயிடும்.

வீடியோவோட சத்தம் போகப் போக விலகுது.

ரெக்கார்டரை 48 கிலோஹெர்ட்ஸ்ல வைங்க, கேமராவும் அதுலதான் பதிவு பண்ணும். ஆரம்பத்துல ஒரு கைதட்டு, முடிவுல ஒண்ணு. வீடியோவையும் சத்தத்தையும் அந்தக் கைதட்டை வச்சுப் பொருத்துங்க.

சினிமாப் பாட்டை எங்க பாணியில பாடிப் போடலாமா? சொந்தப் பாட்டுன்னா யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க. (சூரமங்கலம்)

வரிக்கும் மெட்டுக்கும் உரிமை இருக்கு. நீங்க புதுசாப் பாடினாலும் அனுமதி வேணும். நம்ம நாட்டுல எழுதினவர், இசையமைச்சவர் காலத்துக்கு அப்புறமும் 60 வருஷம் அந்த உரிமை நிக்குது. யூடியூப்ல போட்டா வருமானம் உரிமைக்காரங்களுக்குப் போகலாம், வீடியோ தடைபடவும் செய்யலாம்.

ஆனா நான் கேட்டுக்கிறது வேற. உங்க பாட்டையும் சேர்த்துப் பதிவு பண்ணுங்க. ஐந்து ரோடு டிராஃபிக்கைப் பத்தியோ, உங்க அம்மா வெள்ளிக் கொலுசுக்குப் பொடி வைக்கிறதைப் பத்தியோ ஒரு பாட்டு உங்க கிட்ட இருந்தா, அதை வேற ஊர்க்காரங்க பாடப் போறதில்லை. யாரு எழுதினது, யாரு மெட்டுன்னு ஒரு தாள்ல எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுடுங்க. நட்பா இருக்கும்போதே செய்யணும்.

ஒரு இடத்துல மட்டும் தப்பாயிடுச்சு. வேற டேக்லருந்து வெட்டி ஒட்டலாமா?

க்ளிக் (தாளத்துக்காக ஹெட்ஃபோன்ல கேக்குற 'டிக் டிக்') இல்லாம வாசிச்சா வேகம் டேக்குக்கு டேக் மாறும், ஒட்டினது தெரியும். அதைவிட முழுசா மூணு டேக் எடுங்க. பெரும்பாலும் ரெண்டாவதுதான் நல்லா இருக்கும். மூணாவதுல எல்லாரும் ஜாக்கிரதையா ஆயிடுறாங்க.

எங்க பதிவைக் கேட்டுச் சொல்வீங்களா அக்கா?

சந்தோஷமாக் கேக்குறேன். மெமரி கார்டை ரெண்டு இடத்துல காப்பி எடுத்துட்டு, மிக்ஸ் பண்ணாத ஃபைலை அப்படியே அனுப்புங்க. கூடவே யாரு எங்க உட்கார்ந்திருந்தீங்க, மைக் எங்க இருந்துச்சுன்னு ஒரு போட்டோ. அது இல்லாம என்னால ஒண்ணும் சொல்ல முடியாது.