இத்தாலிக்காரர் எல்லோரையும் ‘அமோரே’ (அன்பே) என்கிறார்களே, அவர்கள் காதலை நம்பலாமா?

தங்கச்சி, கேள்வியைப் பார்த்தால் நீங்கள் ஒரு இத்தாலிப் பொடியனோடு பழகத் தொடங்கி, வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று தவிக்கிற மாதிரித் தெரிகிறது. அப்படி இல்லையென்றால் மன்னியுங்கள். நான் இத்தாலியின் தெற்கே சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவில் பல வருடங்களாக வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை செய்கிறேன். இவர்களுடைய வீடுகளுக்குள்ளேயே வாழ்ந்தவள் என்பதால் இதற்குப் பதில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

‘அமோரே’யை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தாய் மகனை அப்படித்தான் கூப்பிடுவாள், சந்தையில் மீன் விற்பவரும் அப்படித்தான் கூப்பிடுவார். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. இங்கே தெற்கில் காதல் வீட்டாரும் தெருவாரும் பார்க்க நடக்கிற விஷயம். கல்யாணத்துக்கு முதல்நாள் இரவு மாப்பிள்ளை வாத்தியக்காரர்களோடு வந்து பெண் வீட்டுப் பலகணிக்குக் கீழே நின்று பாடுவார். அதற்குப் பெயர் ‘செரெனாத்தா’. பெண் உடனே வெளியே வரக்கூடாது, அறையை இருட்டாகவே வைத்திருப்பாள். சில பாட்டுகள் முடிந்தபிறகுதான் விளக்கு எரியும். பிறகு அயலவருக்கெல்லாம் சாப்பாடு. நம்மைப் போலவே நாளும் பார்ப்பார்கள்: செவ்வாயிலும் வெள்ளியிலும் கல்யாணம் செய்யாதே, பயணமும் போகாதே என்று பழமொழியே உண்டு. வந்தவர்களுக்குச் சீனிப்பாகு பூசிய வாதுமைப் பருப்பு ஐந்து கொடுப்பார்கள். ஐந்தை இரண்டாகப் பிரிக்க முடியாதல்லவா, அதனால்.

நான் பார்த்துக்கொண்ட ஒரு சிஞ்ஞோராவுக்கு (கல்யாணமான பெண்களை இங்கே மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்கள்) இந்தச் செரெனாத்தா கிடைக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் அவர் காதலித்தவரோடு ஓடிப்போனவர். சிசிலியில் இதை ‘ஃபுயித்தீனா’ என்பார்கள். ஒரு இரவு வெளியே தங்கிவிட்டால் போதும், அப்புறம் மானத்துக்குப் பயந்து இரண்டு வீடும் சம்மதிக்க வேண்டியதுதான். கல்யாணச் செலவுக்கு வழியில்லாத வீடுகளில் பெற்றோரே தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பதும் உண்டாம். இவருடைய அப்பா அப்படிப்பட்டவர் இல்லை. விடியற்காலையில், வெள்ளை உடுப்பு இல்லாமல், ஆட்கள் இல்லாமல் தேவாலயத்தில் மோதிரம் மாற்றிவிட்டு வந்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டு நான் ஒருநாள், “அப்போ நீங்களும் ஃபிராங்கா வியோலா மாதிரியா?” என்று கேட்டுவிட்டேன். சிஞ்ஞோராவுக்கு முகம் சிவந்துவிட்டது. “நான் என் காலால் நடந்து போனேன். அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்” என்றார்.

ஃபிராங்கா வியோலா யாரென்று நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. பலெர்மோவிலிருந்து திராப்பானி போகும் வழியில் உள்ள அல்காமோ ஊர்ப் பெண். 1965 டிசம்பரில், பதினேழு வயதில், அவள் வேண்டாம் என்று விலக்கிய ஒருவன் ஆட்களோடு வந்து கடத்திப்போய் வன்முறைக்கு ஆளாக்கினான். அன்றைய சட்டப்படி அவளையே கல்யாணம் செய்துவிட்டால் அவன் குற்றம் அழிந்துவிடும். ஊரும் அதைத்தான் எதிர்பார்த்தது. அவள் மாட்டேன் என்றாள். அவளுடைய அப்பா அவள் பக்கம் நின்றார். அந்தப் பகையில் அவர்களுடைய திராட்சைத் தோட்டத்துக்குத் தீயும் வைத்தார்கள். வழக்கு நடந்து அவனுக்கு 11 வருடச் சிறை கிடைத்தது. 1968இல் தனக்குப் பிடித்தவரையே அவள் மணந்தாள். அந்தச் சட்டத்தை நீக்க 1981 வரை ஆனது. விவாகரத்துச் சட்டம்கூட 1970இல்தான் வந்தது. இத்தாலியில் எல்லாம் காதல் கல்யாணம், பெற்றோர் தலையிடவே மாட்டார்கள் என்று நம் ஊரில் பேசும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். மனதுக்குப் பிடித்தவரைக் கட்டுவதற்கு இங்கே பெண்கள் பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள்.

சிஞ்ஞோராவின் ஐம்பதாவது கல்யாண நாளுக்கு முதல்நாள் இரவு, அவருடைய கணவர் பேரப்பிள்ளைகளையும் ஒரு அக்கார்டியன்காரரையும் கூட்டிக்கொண்டு கீழே போய்விட்டார். நான் சமையலறையில் தட்டுகளோடு நிற்கிறேன். பாட்டுத் தொடங்கியதும் நான் விளக்கைப் போடப் போனேன். சிஞ்ஞோரா கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். இரண்டு பாட்டு முடிந்தது, மூன்றாவதும் முடிந்தது. கீழே தாத்தா குரல் கம்மிப்போய்ப் பாடுகிறார், அயலவரெல்லாம் பலகணிக்கு வந்துவிட்டார்கள். “இப்போது போடு” என்றார். அவர் ஊன்றுகோலோடு வெளியே போய் நின்றபோது தெருவே கைதட்டியது. இவ்வளவு வருடத்தில் நான் பார்த்த காதலில் அதற்கு மேல் ஒன்றில்லை.

மிலானில் இருப்பவர்கள் கோபிக்க வேண்டாம், நான் சொல்வது சிசிலிக் கதை. வடக்கில் வேறு மாதிரி இருக்கலாம். இங்கேயும் இளசுகள் பலர் கல்யாணமே செய்யாமல் சேர்ந்து வாழ்கிறார்கள், அது தப்பென்று நான் சொல்லவில்லை.

ஆனால் உங்களவர் தெற்கத்தியார் என்றால், ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குத் தாய் வீட்டுக்குக் கூட்டிப்போகிறாரா என்று பாருங்கள். மாதக்கணக்காகப் பழகியும் அந்த அழைப்பு வரவில்லை என்றால் ஏன் என்று நேரே கேளுங்கள். கூட்டிப்போனால், அந்த வீட்டில் எங்களைப் போல ஒருத்தி வேலைக்கு நிற்கிறாளா என்றும் பாருங்கள். வீட்டோடு தங்கி வேலை செய்கிற எங்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும் ஓய்வு என்பது வழக்கம். குடும்பம் கூடுகிறது, விருந்தாளி வருகிறார் என்று சொல்லி அந்த ஞாயிற்றைத்தான் முதலில் பிடுங்குவார்கள், அதற்குக் கூலியும் சேர்த்துத் தரமாட்டார்கள். எத்தனை ஞாயிறு என் பிள்ளையோடு இருக்க முடியாமல் போயிருக்கிறது. நீங்கள் அந்த மேசையில் மருமகளாக உட்காரும் நாள் வந்தால், அவளை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி ஒரு வார்த்தை பேசுங்கள்.