கேள்வி – பதில்: 14 கோர் பழசா, 6 கோர் புதுசா?

கேள்வி: சி++, ஜாவா இரண்டிலும் புரோகிராம் எழுதுகிறேன். பழைய எச்பி இசட்440 ஒர்க்ஸ்டேஷன் (கனமான வேலைக்கான கம்ப்யூட்டர்) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன்: 14 கோர் இன்டெல் ஸியான் இ5-2680 வி4 பிராசஸர், 32 ஜிபி ரேம். அதே பணத்துக்கு 6 கோர் இன்டெல் ஐ5-12400 பிராசஸர் போட்டுப் புதிதாகவே அசெம்பிள் செய்யலாம் என்கிறார் நண்பர். எது வேகம்? பழசு கரண்டை இழுக்குமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: நண்பர் சொல்வது சரி, உங்கள் வேலைக்கு ஐ5-தான் வேகம். ஒரு ஃபைலைத் திருத்திவிட்டு மறுபடி பில்ட் கொடுத்தால் அந்த ஃபைலின் கம்பைலும் (மெஷின் மொழிக்கு மாற்றுவது) கடைசி லிங்க்கும் (துண்டுகளை ஒரே புரோகிராமாக இணைப்பது) பெரும்பாலும் ஒரே கோரின் வேலைதான். நாள் முழுக்க நீங்கள் காத்திருப்பது இதற்காகத்தான். 2016-இல் வந்த ஸியானின் உச்ச வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ்; 2022-இல் வந்த ஐ5-க்கு 4.4. ஒரு கிளாக்கில் முடிக்கும் வேலையும் ஐ5-இல் கூடுதல். அதனால்தான் முழு கம்பைலில்கூட 6 கோர், 14 கோருக்கு ஏறக்குறைய ஈடுகொடுக்கிறது.

இசட்440-ன் பலம் ரேம். ஸ்லாட் எட்டு. சர்வரிலிருந்து கழற்றிய ரிஜிஸ்டர்டு இசிசி டிடிஆர்4 (பிழை திருத்தும் சர்வர் ரேம்) இதில் ஏறும். சாதாரண போர்டில் ஏறாது என்பதால் அது பொதுவாக மலிவு. நாலைந்து விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் கம்ப்யூட்டர்) ஓட்டுபவருக்கும், ஆண்ட்ராய்டின் முழு சோர்ஸை பில்ட் செய்பவருக்கும் (கூகுள் கேட்பதே 64 ஜிபி) இதுதான் வேண்டும். 32 ஜிபியை வைத்துக்கொண்டு 28 த்ரெட்டிலும் (கோருக்கு இரண்டு) ஒரே நேரத்தில் கம்பைல் ஓடவிடாதீர்கள். கனமான சி++ ஃபைல் ஒவ்வொன்றும் 2 ஜிபி வரை பிடிக்கும். ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் எடுக்கும் இடம்) நிரம்பி மெஷின் உறையும், இல்லாவிட்டால் லினக்ஸே கம்பைலரைப் பாதியில் நிறுத்திவிடும். ஒரே நேரத்தில் 14 கம்பைல் போதும்.

வாங்குவதானால் மூடியைக் கழற்றிப் பாருங்கள். மெமரி சேனல் (ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையிலான பாதை) நான்கு. 8 ஜிபி நான்காக இருக்கட்டும். 16 ஜிபி இரண்டு என்றால் இரண்டு சேனல் சும்மா கிடக்கும். இந்த ஸியானில் கிராபிக்ஸ் இல்லை, தனி கார்டு இருந்தாக வேண்டும். பவர் சப்ளை எச்பியின் சொந்த வடிவம், கெட்டுப்போனால் கடையில் கிடைக்கும் சாதாரண ஏடிஎக்ஸ் பவர் சப்ளை பொருந்தாது. விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலிலும் இது கிடையாது, லினக்ஸ்தான் வழி.

கரண்டுக்குப் பயப்பட வேண்டாம். 60 வாட் கூடுதல் என்று வைத்தாலும் தினம் 8 மணி நேரம், 25 நாளுக்கு 12 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 96 ரூபாய். இரவும் பகலும் அணைக்காமல் விட்டால்தான் மாதம் 43 யூனிட் ஆகும்.

கேள்வி: இசட்440-க்கு முந்தைய மாடலான இசட்420 இன்னும் மலிவாகக் கிடைக்கிறதே, எடுக்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். ரேம் டிடிஆர்3, என்விஎம்இ எஸ்எஸ்டியிலிருந்து (வேகமான வகை எஸ்எஸ்டி) நேரடியாக பூட் ஆகாது. இதில் ஏறும் எந்த ஸியானிலும் ஏவிஎக்ஸ்2 (பிராசஸரின் ஒரு கட்டளைத் தொகுப்பு) இல்லை; நிறுவனங்கள் பயன்படுத்தும் லினக்ஸான ரெட் ஹேட் 10 அதைக் கட்டாயமாக்கிவிட்டது. ஏற்கெனவே கையில் இருந்து, வி2 (இரண்டாம் தலைமுறை) ஸியான் மாற்ற நினைத்தால் பயாஸில் (மெஷின் தொடங்கும்போது ஓடும் புரோகிராம்) பூட் பிளாக் என்ற பகுதியின் தேதியைப் பாருங்கள். 2011 என்றிருந்தால் வி2 ஓடாது, பயாஸ் அப்டேட் செய்தாலும் அந்தத் தேதி மாறாது. 2013 என்றிருக்க வேண்டும்.