சோக், டிரெஞ்ச், சப்மெர்ஜ்: எல்லாம் நனைவதுதானே?

டாம்ப் (damp), சோக் (soak), டிரெஞ்ச் (drench), சப்மெர்ஜ் (submerge), இமர்ஸ் (immerse) என்ற ஆங்கிலச் சொற்கள் ஐந்தும் ஒன்றுதானே, எதை எங்கே எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ சோதனைக்குப் படிக்கிறீர்கள் போலும். பிழைவிட்டால் உங்களுக்கு ஒரு புள்ளி போகும். நான் அலைந்தது ஒரு வெங்காயத் தோட்டத்துக்காக.

2024 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் பாத்திகள் மூன்று நாள் தண்ணீருக்குக் கீழே கிடந்தன. நட்டு இரண்டு கிழமைகூட ஆகவில்லை. இழப்பீட்டுப் படிவத்தை அப்பா என்னிடம் நீட்டினார். வீட்டில் ஆங்கிலம் படித்தவன் நான்தானே. அகராதியைப் புரட்டி, தோட்டம் 'டாம்ப்' ஆகிவிட்டது என்று எழுதினேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "தம்பி, ஈரலிப்பாக இருந்தால் வெங்காயத்துக்கு நல்லதுதானே?"

அடுத்த கிழமை 'இமர்ஸ்' என்று திருத்திக்கொண்டு போனேன். "நீரே கொண்டுபோய் அமிழ்த்தினீரோ?" என்றார். மூன்றாம் முறைதான் 'சப்மெர்ஜ்'.

அன்றுதான் உறைத்தது. மேலிருந்து கொட்டி நனைத்தால் டிரெஞ்ச். பழைய ஆங்கிலத்தில் அதற்குக் 'குடிக்கவை' என்று பொருள்; குடிப்பதற்கான டிரிங்க் என்ற சொல்லின் உறவு அது. காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவைக் கசப்புப் போகத் தண்ணீரில் போட்டுவைக்கிறோமே, அந்த ஊறல் சோக். வெளியே தெரியாமல் தண்ணீர் மூடிவிட்டால் சப்மெர்ஜ். ஒருவர் வேண்டுமென்றே அமிழ்த்துவது பெரும்பாலும் இமர்ஸ். படிப்பில் மூழ்குவதற்கும் அதுதான். மழையில் தெப்பமாக நனைந்தவனுக்கும் சோக் வரும் என்பது எனக்குத் தெரியும், ஆங்கில ஆசிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம். தமிழைச் சொல்லுக்குச் சொல் மாற்றினாலும் ஆபத்துத்தான். நம் ஊரில் முழுகுவது என்றால் தலையில் வார்த்துக் குளிப்பது. "முழுகிவிட்டு வருகிறேன்" என்பதை அப்படியே ஆங்கிலமாக்கினால் கேட்டவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்.

இதைவிட என்னைச் சுடுவது வேறொன்று. இலங்கையில் தமிழையும் அரசகரும மொழியாக்கிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் வந்தது. நான் அதற்குப் பிறகு பிறந்தவன். விண்ணப்பித்த அப்பா தமிழர், வாங்கிய அதிகாரி தமிழர், அழுகியது யாழ்ப்பாணத்து வெங்காயம். எங்கள் கையில் தந்த படிவம் மட்டும் ஆங்கிலம். 'அமிழ்ந்தது' என்று அப்பா முதல் நாளே எழுதியிருப்பார். பணம் வந்தபோது நாங்கள் கடன்பட்டு மறுபடி நட்டு, பிடுங்கி, விற்றும் முடித்திருந்தோம்.