யார் மறந்த இசை? கேள்வி பதில்

வந்த காலத்தில் கவனிக்கப்படாமல் போய், இப்போது உலகம் தேடிக் கேட்கும் ஜப்பானிய, பிற நாட்டு ஆல்பங்களைப் பற்றிய கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: 'பிளாஸ்டிக் லவ்' பாட்டை யூடியூபில் தற்செயலாகக் கேட்டேன். இவ்வளவு நல்ல பாட்டை ஜப்பான்காரர்கள் எப்படி சார் மறந்தார்கள்?

அவர்கள் எங்கே மறந்தார்கள்? அதைப் பாடிய மரியா தகேயுச்சி அங்கே பெரிய நட்சத்திரம். இந்தப் பாட்டு இடம்பெற்ற 'வெரைட்டி' ஆல்பம் 1984இல் வந்து ஓரிகான் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. மறுவருடம் பாட்டைத் தனியாக சிங்கிளாக விட்டபோதுதான் 86ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. 2017இல் ஒரு ரசிகர் யூடியூபில் ஏற்றிய பிரதிதான் ஊர் உலகமெல்லாம் சுற்றியது. அதில் நீங்கள் பார்த்த புகைப்படம்கூட தகேயுச்சியின் வேறொரு சிங்கிளுக்காக எடுத்தது.

இப்படிப்பட்ட ஆல்பங்களில் நிறைய ஜப்பானுக்கு வெளியே விற்பனைக்கே வரவில்லை. அதனால் 'மறக்கப்பட்ட' என்று யாராவது சொன்னால், யார் மறந்தது என்று கேட்டுவிடுங்கள். அப்புறம், இந்த ஒரு பாட்டோடு நிறுத்தாதீர்கள். 'வெரைட்டி' முழுவதும் அவரே எழுதிய பாட்டுகள்.

கேள்வி: அண்ணா, எல்லாரும் புகழ்கிறார்களே என்று ஹிரோஷி யோஷிமுராவின் 'மியூசிக் ஃபார் நைன் போஸ்ட் கார்ட்ஸ்' கேட்டேன். நாலு சுரத்தையே திரும்பத் திரும்ப வாசிக்கிறார். இதில் என்ன இருக்கிறது?

நாலு சுரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது உட்கார்ந்து கேட்பதற்காகச் செய்ததில்லை தம்பி. டோக்கியோவில் ஹாரா அருங்காட்சியகம் என்று ஒன்று இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மரங்கள் தெரியும் கட்டடம். அங்கே ஒலிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, மின்பியானோவை வைத்துக்கொண்டு வீட்டிலேயே அவர் பதிவு செய்தது இது. அங்கே அதைப் போட்டதும், வந்தவர்கள் இது என்ன இசை என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். 1982இல் சதோஷி அஷிகாவா நடத்திய சிறிய நிறுவனம் அதை இசைத்தட்டாக வெளியிட்டது. மறுவருடமே அஷிகாவா விபத்தில் இறந்துபோனார்.

அந்தக் காலத்து ஜப்பானில் கம்பெனிகளே இப்படி இசை செய்யச் சொல்லிக் கேட்டன. மூஜி என்ற வீட்டுப் பொருள் கடைகளில் ஒலிக்க ஹருவோமி ஹொசொனோ என்ற இசைக்கலைஞர் இசை செய்தார். யோஷிமுராவின் 'சரவுண்ட்' (1986), மிசாவா என்ற வீடு கட்டும் நிறுவனத்துக்காகச் செய்தது. கடைக்கும் கட்டடத்துக்கும் என்று பிறந்த இசை. பாட்டுப் பட்டியல்களில் அதை யார் தேடியிருப்பார்கள்?

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஜன்னலைத் திறந்து, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். தெருச் சத்தமும் அதில் கலக்கட்டும். தூங்குவதற்கான இசை என்று இதற்குப் பெயர் வைப்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. யோஷிமுராவின் 'கிரீன்' (1986) அமெரிக்காவில் வந்தபோது பறவை, தண்ணீர்ச் சத்தமெல்லாம் சேர்த்து 'இயற்கை'யாக்கினார்கள். அது தேவையே இல்லாத வேலை. 2020இல் வந்த மறுவெளியீட்டில் அந்தச் சேர்க்கை கிடையாது. அதையே வாங்குங்கள்.

கேள்வி: இதையெல்லாம் கண்டுபிடித்தது யூடியூப் அல்காரிதம்தான் என்கிறார்களே?

பாதி உண்மை. யாரோ ஒருவர் தட்டைத் தேடி வாங்கி, பதிவு செய்து ஏற்றினால்தானே இயந்திரம் அதைச் சிபாரிசு செய்ய முடியும்?

மிதோரி தகாதாவின் 'த்ரூ த லுக்கிங் கிளாஸ்' (1983) நல்ல உதாரணம். மரிம்பா என்ற மரக்கட்டை வாத்தியம், காங், கோகோ கோலா பாட்டில் என எல்லாவற்றையும் ஒரே ஆளாக வாசித்து இரண்டே நாளில் பதிவு செய்தது. வந்தபோது சீந்துவார் இல்லை. சேகரிப்பாளர்கள் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள், அப்புறம் யூடியூபில் பரவியது, 2017இல் முறையாக மறுவெளியீடு ஆனது. அறுபது வயதைத் தாண்டிய அம்மையார் வெளிநாடுகளில் கச்சேரி செய்யக் கிளம்பிவிட்டார்.

ரியோ ஃபுகுயியின் 'சீனரி'யும் (1976) இந்த வழியில் வந்ததுதான். 22 வயதில்தான் பியானோவைத் தொட்டவர். ஜாஸ் புதிது என்றால் இதிலிருந்தே தொடங்கலாம்.

கேள்வி: ஜப்பானியப் பாடகர் தட்சுரோ யமஷிதாவின் பழைய ஆல்பங்களை ஸ்ட்ரீமிங்கில் தேடித் தேடிக் களைத்துவிட்டேன்.

அவருக்கு அதில் விருப்பமில்லை. 2022இல் பேட்டியிலேயே சொல்லிவிட்டார். சி.டி.யோ தட்டோ வாங்குங்கள்.

கேள்வி: ஜப்பானை விட்டு வெளியே வாருங்களேன்!

வந்தேன். எத்தியோப்பியாவின் ஹைலு மெர்கியா 1985இல் அக்கார்டியனையும் சிந்தசைசரையும் டிரம் மெஷினையும் சேர்த்து ஒரு கேசட் போட்டார். பிறகு வாஷிங்டனில் டாக்சி ஓட்டினார். டிக்கியில் கீபோர்டு இருக்கும். சவாரி இல்லாதபோது எடுத்து வாசிப்பார். அந்தக் கேசட் 2013இல் மறுபடி வெளிவந்தது, அவரும் மேடைக்குத் திரும்பினார்.

மும்பை சினிமா இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங்கையும் கேளுங்கள். 1982இல் எச்.எம்.வி.க்காகப் பத்து ராகங்களை டிபி-303 போன்ற ரோலண்ட் கம்பெனியின் மின்னிசை இயந்திரங்களில் டிஸ்கோ தாளத்தோடு வாசித்தார். மால்கௌன்ஸ் உண்டு, அதாவது நம் இந்தோளம். தட்டு விற்கவில்லை. ஐந்து வருடம் கழித்து சிகாகோவில் அதே டிபி-303 இயந்திரத்தை வைத்து 'ஆசிட் ஹவுஸ்' என்ற நடன இசை பிறந்தது. இவரைக் கேட்டு அவர்கள் செய்யவில்லை. அதனால் ஆசிட் ஹவுஸை இவர்தான் கண்டுபிடித்தார் என்று பெருமை பேச வேண்டாம். அந்தப் பெருமை இல்லாமலேயே நல்ல ஆல்பம்தான்.

கேள்வி: பழைய ஒரிஜினல் தட்டு வாங்குவதா, மறுவெளியீடா? காசு யாருக்குப் போகிறது?

பழைய தட்டுக்கு நீங்கள் கொடுக்கும் காசு விற்பவருக்குத்தான். கலைஞருக்கு ஒரு பைசா போகாது. முறையான மறுவெளியீடு என்றால் அவருக்கோ குடும்பத்துக்கோ பங்கு கிடைக்க வழியுண்டு. மெர்கியாவின் கேசட்டை மறுபடி கொண்டுவந்த 'ஆவ்சம் டேப்ஸ் ஃப்ரம் ஆப்பிரிக்கா' லாபத்தில் பாதியைக் கலைஞருக்குக் கொடுக்கிறது. அட்டையில் யாரிடம் உரிமை பெற்றார்கள் என்ற வரியே இல்லாமல், விலை மட்டும் மலிவாக இருந்தால் திருட்டுப் பிரதியாக இருக்கலாம். விட்டுவிடுங்கள்.